வாயைப் பொத்திய கை

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது பிள்ளைகள். "ஃபிங்கர் ஆன் லிப்ஸ்" என்று மிஸ் சொன்னதும் எல்லோர் உதட்டின் மேலும் ஓர் ஆள்காட்டி விரல் ஏறியது. வகுப்பு அடங்கியது. ஒரே ஒரு குழந்தை மட்டும் விரலை வைக்கவில்லை. முழு உள்ளங்கையால் வாயை மூக்கோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. கண் மட்டும்தான் தெரிந்தது.

அது எங்கள் மலர். என் அண்ணன் பெண். நாலு வயது.

மிஸ் பேசலாம் என்றதும் மற்ற விரல்கள் எல்லாம் இறங்கி, வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. அந்தக் கை மட்டும் இறங்கவில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வராந்தா ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய குட்டி ரெயின்கோட்டுகளிலிருந்து ரப்பர் வாசனை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் என் குழந்தையை இப்படி உட்கார வைத்தது? அடித்தார்களா, மிரட்டினார்களா? அந்த மிஸ் வெளியே வரட்டும், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அது பழகியிருக்கும். இன்றுதான் புரட்டுகிறவர்களுக்கும் இதை முடிப்பதற்குள் தெரிந்துவிடும். ஆனால் அன்றைய கோபம் கடைசியில் யாரிடம் போய் நிற்கப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

தாய்மொழி என்று ஒரு கட்டம்

அப்போது நாங்கள் விவேக் நகரில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, மலர், நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட ஆக நான் விடவில்லை என்பதுதான் சரி. அண்ணனுக்குத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மாநில அரசாங்க அலுவலகத்தில் கன்னட டைப்பிஸ்ட் உத்தியோகம். பகலெல்லாம் கன்னடத்தில் ஆணைகளைத் தட்டுவேன். வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போடுவேன். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்த டிசம்பரில் காவிரித் தண்ணீர் விஷயமாக ஊரில் நடந்த கலவரத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். தமிழ் போர்டுகள் இறங்கியது, தெருக்கோடிப் பெட்டிக்கடை எரிந்தது, எதிர்வீட்டு சாவித்ரம்மா தன் வீட்டு உள்ளறையில் எங்களை இரண்டு நாள் வைத்திருந்து ரசம் மாதிரி அவர்கள் வைக்கிற சாரும் சோறும் போட்டது, நானும் மலரும் பஸ்ஸில் சாமர்த்தியமாகத் தப்பித்து வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஊர் பிறகு தன்பாட்டில் ஆறிவிட்டது. அண்ணன் ஆறவில்லை.

அடுத்து வந்த மாதம் எல்.கே.ஜி. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தான். பெயர் மலர்விழி என்று எழுதினான். அதையே மாற்றியிருப்பான், பிறப்புச் சான்றிதழ் குறுக்கே நின்றது. அப்புறம் தாய்மொழி என்ற கட்டம் வந்தது. பேனா ஒரு கணம் நின்றது. கன்னடம் என்று எழுதினான்.

"என்னண்ணா இது? நம்ம வீட்டு பாஷை எப்போ மாறிச்சு?"

"விமலா, சும்மா இரு. ஒரு வார்த்தை. அதுல யாருக்கு என்ன போச்சு?"

"ஒரு வார்த்தைதானே? உள்ளதையே எழுதேன்."

"நாளைக்கு ஊர்ல மறுபடி ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்கோ. ஸ்கூலுக்கு வந்து யாரு வீட்டுப் புள்ளைங்க எதுன்னு லிஸ்ட் கேப்பானுங்க. அப்போ நீ போய் நியாயம் பேசுவியா? ஆபீஸ்ல தட்டுற மாதிரி இல்ல இது."

அண்ணி கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். கன்னடம் இன்னும் அவர் வாயில் சரியாக ஏறியிருக்கவில்லை. பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அப்பா அரசாங்கச் சேவகத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர். அவருடைய கன்னடக் கையெழுத்தைக் கன்னடக்காரர்களே நின்று பார்ப்பார்களாம். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று குமாஸ்தா "மாத்ருபாஷே?" என்று கேட்டார். அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிராமல் "தமிளு" என்றார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். இவனும் அதே அப்பாவுக்குப் பிறந்தவன்தானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேட் வாசலில் போட்ட உத்தரவு

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஆகாய நீலத்தில் பினோஃபார்ம். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிய ஷூ, அதன் நுனியில் நான் அடைத்த பஞ்சு. கழுத்தில் புது பிளாஸ்டிக் வாசனை போகாத தண்ணீர் பாட்டில். அண்ணன் ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி வழி முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் வந்தாள். டிபன் பாக்ஸில் இருக்கிற இட்லியை மிஸ் கேட்டால் கொடுக்க வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டாள்.

கேட் வாசலில் அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஸ்கூல்ல தமிழ் பேசக் கூடாது. ஒரு வார்த்தகூட. தெரிஞ்சுதா? கன்னடத்துல பேசு, இங்கிலீஷ்ல பேசு. சரியா?"

மலர் தலையாட்டினாள்.

எனக்கு அங்கேயே அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாலு வயதுக் குழந்தைக்கு எது தமிழ், எது கன்னடம் என்று எப்படித் தெரியும்? சாவித்ரம்மா வீட்டில் "நீரு" கேட்பாள், எங்கள் வீட்டில் "தண்ணி" கேட்பாள். அது சாவித்ரம்மா பேச்சு, இது அம்மா பேச்சு, அவ்வளவுதான் அவள் கணக்கு. மொழிக்கெல்லாம் ஒரு பெயர் உண்டு, அதில் ஒன்றை வெளியே விட்டால் ஆபத்து என்றால், எதை விடுவது, எதை அடக்குவது? அவள் கெட்டிக்காரி. எதையுமே வெளியே விடாமல் இருந்துவிட்டாள்.

காது டாக்டர்

மூன்று வாரம் போயிருக்கும். டைரியில் ஒரு சீட்டு வந்தது. குழந்தை கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, காதைப் பரிசோதித்துப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அதற்கு முன்பே இரண்டு தடவை ஈர ஜட்டி பாலிதீன் கவரில் சுற்றி வீட்டுக்கு வந்திருந்தது. போக வேண்டும் என்று கேட்கக்கூட வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைய பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்க்கிற பெண், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த இடத்திலேயே நனைந்திருக்கிறாள். அண்ணி அந்தத் துணியை வாங்கிக் குழாயடிக்கு எடுத்துப்போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? பள்ளிக்குப் போய் உண்மையைச் சொன்னானா? குழந்தையைக் கூட்டிக்கொண்டு காது டாக்டரிடம் போனான்!

டாக்டர் பின்னாலிருந்து சின்ன மணியை ஆட்டினாராம், மலர் திரும்பினாளாம். மெதுவாகக் கூப்பிட்டாராம், அதற்கும் திரும்பினாளாம். எறும்பு ஊர்ந்தாலும் கேட்கிற காது என்று சொல்லி மிட்டாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இதை அண்ணன் எங்களிடம் நல்ல செய்தி மாதிரி சொன்னான். பிள்ளைக்குக் காது கேட்காது என்று ஊரே சொன்னாலும் பரவாயில்லை, ஒரு கட்டத்தில் தமிழ் என்று எழுத மாட்டான். இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

இரண்டாவது சீட்டும் வந்தது. மாதக் கடைசிக்குள் குழந்தை பேசத் தொடங்காவிட்டால் இந்த வருடம் நிறுத்திக்கொண்டு அடுத்த வருடம் சேர்க்கலாம் என்று பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சரி, அடுத்த வருஷம் போகட்டும். அதுக்குள்ள ஊரும் நல்லா அடங்கிடும்" என்றான் அண்ணன்.

மறுநாள் நான் மறுபடி அரை நாள் லீவு போட்டேன். அப்படித்தான் அந்த ஜன்னலுக்கு வெளியே போய் நின்றது.

கிரிஜா மிஸ்ஸின் ரிஜிஸ்டர்

கிரிஜா மிஸ் கையில் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். நான் கன்னடத்தில் பிடித்துக்கொண்டேன். குழந்தையை ஏன் இப்படி வாயைப் பொத்தி உட்கார வைத்திருக்கிறீர்கள், இதுதான் பாடம் சொல்லிக்கொடுக்கிற லட்சணமா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"நானும் அதத்தான் உங்களக் கேக்கணும்னு இருந்தேன். தினமும் அந்தக் கைய நான் எடுத்துவிடறேன், அவ மறுபடி வெச்சுக்கறா. வீட்ல யாராவது அடிக்கிறீங்களா?"

அவர் கேட்டது கன்னடத்தில்தான். எந்த பாஷையில் கேட்டாலும் சுடுகிற கேள்வி. நான் சுருதி இறங்கிப்போய் உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் தமிழ், அண்ணன் பயந்துபோய் மாற்றி எழுதிவிட்டான் என்றேன்.

கிரிஜா மிஸ் உள்ளே போய் ரிஜிஸ்டரை எடுத்துவந்தார். தாய்மொழிக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். கன்னடம், கன்னடம், உருது, தெலுங்கு, கன்னடம், கன்னடம்.

"ஈ வருஷ தமிளரே இல்ல, நோடி" என்றார். இந்த வருடம் தமிழரே இல்லை, பாருங்கள் என்று. போன வருடம் கிட்டத்தட்டப் பாதி வகுப்பு தமிழ்ப் பிள்ளைகளாம். இந்த வருடம் ஒருவர்கூட இல்லை. விரல் ஒரு பெயரில் நின்றது. தமிழரசி. தாய்மொழி கன்னடம்!

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பேரப் பாத்தா எனக்குத் தெரியாதா மேடம்? கேட்டா நீங்கள்லாம் வேற மாதிரி நெனப்பீங்கன்னு கேக்கல. ஒரு நாள் எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல உங்க பொண்ணக் கூப்பிட்டுப் பாத்தேன். இன்னும் இறுக்கிப் பொத்திக்கிட்டா. அப்புறம்தான் காதுல ஏதாவது இருக்குமோன்னு எழுதினேன்." அவர் குரல் உயர்ந்தது. "எங்களப் பத்தி என்னதான் நெனச்சீங்க? நாங்க புள்ளைங்களத் தின்னுடுவோமா?"

அவர் கோபத்துக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி நின்ற இடங்கள் மிகக் குறைவு.

இப்போதே திருத்திவிடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பெற்றவர்களில் ஒருவர் போட வேண்டும் என்றார். அத்தை கொண்டுவந்து விடலாம், கூட்டிக்கொண்டு போகலாம், ஷூவுக்குள் பஞ்சு அடைக்கலாம். கையெழுத்து மட்டும் போட முடியாது. ஒரு தாளை வாங்கி, தாய்மொழியைத் தமிழ் என்று திருத்தச் சொல்லி நானே எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சாந்தா என்று ஒரு கையெழுத்து

சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டை இரண்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். போட மாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றான். நானும் விடவில்லை. கோழை என்று சொல்லிவிட்டேன்.

"உன் புள்ளையா இருந்தா அந்த பயம் உனக்குத் தெரியும்" என்றான்.

கல்யாணம் வேண்டாம் என்றது நான்தான், குழந்தை வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

அப்போது அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்தார். "அந்தத் தாளக் குடு விமலா" என்றார். மேஜையில் வைத்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் சாந்தா என்று போட்டார்.

"அந்த ஈரத்துணியத் தொவைக்கிறவ நானு. என் புள்ளதான அது?" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "பயம் எனக்கும் இருக்குது. அதுக்காவ புள்ள உக்காந்த எடத்துலயே நனையணுமா?"

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். பிறகு உள்ளே வந்து மலரிடம், "இனிமே எதுல வேணா பேசு" என்றான். அதோடு என்னைப் பார்த்து, "நாளையிலேருந்து நீயே கொண்டு போய் விடு" என்றான். அதுவரை அவன்தான் ஸ்கூட்டரில் விட்டுக்கொண்டிருந்தான். நான் பஸ்ஸில் கூட்டிப்போகத் தொடங்கினேன்.

இறங்காத கை

எல்லாம் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிஜிஸ்டரில் தமிழ் ஏறிவிட்டது. கிரிஜா மிஸ் தினமும் "பேசு கண்ணா" என்று தமிழில் கேட்டுப் பார்த்தார். ஒரு வாரம் ஆகியும் கை இறங்கவில்லை. மாதக் கடைசிக்கு நாலைந்து நாள்தான் பாக்கி.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அந்தக் கை பள்ளிக்கூடத்தில் ஏறவில்லை. பஸ் படியில் கால் வைத்ததுமே ஏறியது.

ஒரு காலையில் பின்னல் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"அப்பாதான் பேசலாம்னு சொல்லிட்டாரே, அப்புறம் ஏண்டி வாயப் பொத்திக்கிற?"

"அப்பா இல்ல."

"மிஸ் திட்டினாங்களா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னாங்க?"

"நீதான் அத்தை." தலையைத் திருப்பாமல் சொன்னாள். "பஸ்ல. இப்டி வெச்ச இல்ல?"

பின்னலைப் பிடித்திருந்த என் வலது கையை எடுத்துத் தன் வாயின் மேல் வைத்து, மூக்கோடு சேர்த்து அழுத்திக் காட்டினாள்.

போன வாரம் நான் எழுதாமல் விட்டது இதுதான். அந்த டிசம்பர் மதியம், சிவாஜி நகரில் மலருக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸை நிறுத்தி ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து "மாத்தாடு" என்றார்கள். பேசு என்று அர்த்தம். மலர், "அத்தை, ஏன் பஸ்சு" என்று ஆரம்பித்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். மூச்சு முட்டுகிற அளவுக்கு. "மகூகெ ஜ்வர" என்றேன். குழந்தைக்குக் காய்ச்சல். எங்கள் ஊர் எது என்று ஒருவன் கேட்டான். மைசூர் பக்கம், கன்னடக்காரர்கள்தான் என்றேன். சுத்தமான கன்னடத்தில், ஒரு பிசிறு இல்லாமல். அவர்கள் இறங்கிப் போனார்கள். எங்கள் வீட்டு நிறுத்தம் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவள் கன்னத்தில் என் நாலு விரலும் பதிந்திருந்தது.

அண்ணன் காகிதத்தில் எழுதியதைத்தான் நான் அதற்கு ஒரு மாதம் முன்பே வாயால் சொல்லியிருந்தேன். அதை யாரிடமும் சொல்லாமல், ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் உள்ள எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அவனைக் கோழை என்று சொன்ன வாய் இது. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் சீப்பை எறிந்தேன், அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. மலர் போய் எடுத்துவந்து கொடுத்தாள்.

பஸ்ஸில்

அன்று காலை பஸ்ஸில் கூட்டம். எப்படியோ இடம் கிடைத்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன். கை வாய்க்குப் போய்விட்டது. நான் பேச ஆரம்பித்தேன். தமிழில், உரக்க.

"பாரு, மழை இன்னிக்கும் வரப்போகுது. அம்மா ரெயின்கோட்ட எடுத்து வெச்சாளோ இல்லையோ. இந்த பஸ்சு என்னிக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கு?"

என் குரல் நடுங்கியது. நடுங்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஆட்களின் முழங்கைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. நிமிர்ந்து முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

மலர் சுற்றிலும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் வாயிலிருந்து கையை எடுத்து என் வாயின் மேல் வைத்தாள். சின்னக் கை, பிஸ்கட் வாசனை. முழு பலத்தோடு அழுத்தினாள்.

நான் அதை எடுக்கவில்லை. அதற்குள்ளிருந்தே பேசிக்கொண்டு போனேன். என்ன பேசினேன் என்று எனக்கே புரியவில்லை, உதடு மட்டும் அவள் உள்ளங்கையில் அசைந்துகொண்டிருந்தது. அவள் முகம் முதலில் கலவரமானது, பிறகு உதட்டைக் கடித்தாள், பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"ஐயோ அத்தை, கூசுது! கூசுதுன்னா விடு!"

பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார், நான் கன்னடத்தில் வாங்கினேன். இதற்கா இத்தனை மாதம் என்று எனக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட எங்கே நேரம்? பள்ளிக்கூடத்தில் யார் யாருடைய ரப்பரை எடுத்தார்கள், தமிழரசி ஏன் அழுதாள் என்று, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மலர் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.